மீட்டரில் 6 வோல்ட், கேமராவில் கும்மிருட்டு: எஸ்எக்ஸ்-70க்கு வீட்டில் செய்த பேட்டரி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போலராய்டு எஸ்எக்ஸ்-70, அதாவது எடுத்த படத்தை அப்போதே வெளியே தள்ளும் மடக்குக் கேமரா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அது ஓடுமா என்றே தெரியாமல் விலை கொடுத்து பிலிம் வாங்க மனமில்லை. அதனால் சின்ன லித்தியம் பாலிமர் செல் ஒன்றையும் வோல்ட்டை ஏற்றித்தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் ஒன்றையும் சேர்த்து 6 வோல்ட் வருகிற மாதிரி திருகி வைத்து, காலி பிலிம் பேக்கின் அடியில் காப்பர் டேப் ஒட்டி ஒயர் இழுத்திருக்கிறீர்கள். மல்டிமீட்டர் 6.1 காட்டுகிறது. பிலிம் போடும் கதவை மூடினால் மோட்டார் இழுத்து இழுத்து ஓடுகிறது. பட்டனை அழுத்தினால் ஒரு க்ளிக், அரைகுறையாக ஒரு உறுமல், அதன்பின் வ்யூபைண்டர் இருட்டாகி அப்படியே நின்றுவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறுபடி கொஞ்சம் உறுமுகிறது. 'கரண்ட் சரியாக வருகிறது, அப்படியானால் கேமராவின் போர்டு போய்விட்டதா?' என்பது கேள்வி.

கேள்வியின் முதல் பாதியிலேயே எனக்குச் சந்தேகம். கரண்ட் சரியாக வருகிறது என்று உங்கள் மீட்டர் சொல்லவில்லை. யாரும் எதையும் இழுக்காதபோது 6.1 வோல்ட் நிற்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. மோட்டார் இழுக்கும் அந்த ஒன்றரை வினாடியில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதுதான் கேமராவுக்கு வேண்டிய எண். அதை நீங்கள் இன்னும் அளக்கவில்லை. இந்த ரகக் கேமராக்களைப் பல வருடம் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் செய்த பேட்டரியோடு 'செத்துப்போச்சு' என்று வருகிற கேமராக்களில் நல்ல பேட்டரி வைத்ததும் எழுந்து ஓடுபவை நிறைய. உங்களுடையதும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன.

1972இல் எட்வின் லேண்ட் இந்தக் கேமராவை அறிமுகப்படுத்தியபோது பேட்டரியைக் கேமராவில் வைக்காமல் பிலிம் பேக்கிலேயே வைத்தார். அட்டை மாதிரித் தட்டையான 6 வோல்ட் பேட்டரி. புது பேக் போட்டால் புது பேட்டரியும் சேர்ந்தே வந்துவிடும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், ஆனால் அதன் உள்தடை மிகக் குறைவு. சட்டென்று பெரிய கரண்ட் கேட்டால் தயங்காமல் கொடுக்கும். கேமராவின் மின்சுற்று முழுவதும் அந்தக் குணத்தை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டது. 6 வோல்ட் என்பதை மட்டும் பார்த்துவிட்டு இந்தக் குணத்தை விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான வீட்டுப் பேட்டரிகள் தோற்கின்றன.

பட்டனை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் அறிகுறி பாதி புரிந்துவிடும். இது எஸ்எல்ஆர் வகை. சும்மா இருக்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும், வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே வந்து கண்ணாடிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கு வரும். பிலிமின் மேல் ஒரு மூடி படுத்திருக்கும். பட்டனை அழுத்தினால் முதலில் சோலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம்) இழுத்து ஷட்டரை மூடுகிறது; அதுதான் நீங்கள் கேட்ட க்ளிக். அடுத்து மோட்டார் ஓடி அந்த மூடியை விடுவிக்கிறது. ஸ்பிரிங் அதை மேலே தூக்கிவிடுகிறது. இப்போது ஷட்டர் திறந்து, வெளிச்சத்தை அளந்து, மூடுகிறது. மோட்டார் மறுபடி ஓடுகிறது. ஒரு சின்னக் கொக்கி மேலே உள்ள பிலிமின் விளிம்பைப் பிடித்து ரோலர்களுக்கு நடுவே தள்ளுகிறது. ரோலர்கள் ரசாயனப் பையை நசுக்கிப் பரப்பியபடி படத்தை வெளியே விடுகின்றன. கடைசியில் அதே மோட்டார்தான் ஸ்பிரிங்கை எதிர்த்து மூடியைக் கீழே இழுத்துப் பூட்ட வேண்டும். இவ்வளவும் ஒன்றரை வினாடியில்.

ஷட்டர் இதழ்களைத் திறப்பது ஸ்பிரிங், மூடி வைப்பதற்குத்தான் மின்சாரம். கரண்ட் போனால் ஷட்டர் தானாகத் திறந்துகொள்ளும். அப்படியும் வ்யூபைண்டர் இருட்டாக இருக்கிறது என்றால் மூடி மேலேயே நிற்கிறது, சுழற்சி நடுவில் அறுந்துவிட்டது என்று பொருள். இது ஒரு வகையில் நல்ல செய்தி. சோலினாய்டு இழுத்தது, மோட்டார் ஓடத் தொடங்கியது, மூடி விடுபட்டது. போர்டு முழுக்கச் செத்த கேமரா இந்த அளவுக்குக்கூட வராது, கல் மாதிரி கிடக்கும். (பிலிம் இருக்கும்போது இப்படி நின்றால் மேலே உள்ள பிலிம் திறந்த ஷட்டருக்கு நேராக வெளிச்சத்தில் நனைந்துகொண்டிருக்கும். அந்த ஒரு படத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.)

சரி, உங்கள் பேட்டரிக்கு வருவோம். மோட்டார் கிளம்பும்போதும் சுமை ஏறும்போதும் இந்தக் கேமரா ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மேசையில் பவர் சப்ளை வைத்து ஓட்டுபவர்கள் 6 வோல்ட்டில் 2 ஆம்பியராவது தரக்கூடியதை எடுப்பது அதனால்தான். கணக்குக்கு 1.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றால் 9 வாட். கன்வர்ட்டர் 85 சதவீதத் திறனோடு ஓடினால் செல்லிலிருந்து பத்தரை வாட்டுக்கு மேல் எடுக்க வேண்டும். சுமையில் செல் 3.6 வோல்ட்டில் நிற்கிறது என்றால் கிட்டத்தட்ட 3 ஆம்பியர். 500 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு இது அதன் கொள்ளளவைப் போல ஆறு மடங்கு வேகம். பேக்குக்குள் நுழையும் அளவுள்ள மெல்லிய செல்கள் பலவற்றில் ஒரு பாதுகாப்புச் சுற்று ஒட்டியிருக்கும். இந்த மாதிரி இழுப்பை ஷார்ட் என்று நினைத்து அது வெட்டிவிடும். வெட்டிய பிறகு சுமையைக் கழற்றினால்தான் திரும்ப வரும். கழற்றி மாட்டினால் மறுபடி உறுமுகிறது என்று எழுதினீர்கள் இல்லையா, அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். பாதுகாப்புச் சுற்று இல்லாத செல் என்றால் கன்வர்ட்டரே தன் வரம்பைத் தொட்டு வோல்ட்டைக் கீழே விட்டிருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது. கேமராவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று விடும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஓரளவுக்குத்தான். 4700 மைக்ரோபாரட் போட்டாலும், ஒரு ஆம்பியர் பற்றாக்குறையை அது 10 மில்லிசெகண்டு தாங்குவதற்குள் 2 வோல்ட் இறங்கிவிடும். மோட்டார் கிளம்பும் முதல் உதறலுக்கு அது உதவும். ஒன்றரை வினாடிச் சுழற்சி முழுவதையும் அதனால் சுமக்க முடியாது.

அதனால் கன்வர்ட்டரை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கேமராவைச் சோதிக்க மட்டும் ஒரு பேட்டரி வேண்டும், அது பேக்குக்குள் அடங்க வேண்டிய அவசியமே இல்லை. புதிய அல்கலைன் ஏஏ செல்கள் நான்கைத் தொடராக ஒரு ஹோல்டரில் போட்டு, குட்டையான தடித்த ஒயரில் இழுங்கள். மெல்லிய ஏஏஏ வேண்டாம். அதன் உள்தடை கூடுதல். நான்கும் சேர்ந்து ஒரு ஓம் பக்கம் போய்விட்டால் 1.5 ஆம்பியரில் அங்கேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். சிஆர்123ஏ லித்தியம் செல் இரண்டைத் தொடராகப் போடுவதும் நல்ல வழி, அவை கேமரா பிளாஷுக்காகவே பிறந்தவை. ரீசார்ஜபிள் நிக்கல் செல் என்றால், நான்கில் பெயருக்கு 4.8 வோல்ட்தான் இருக்கும். ஆனால் சுமையில் அவ்வளவாகச் சரியாது என்பதால் சில கேமராக்கள் அதிலேயே ஓடிவிடும், சில ஓடாது. ஐந்து போட்டால் 6 வோல்ட், ஆனால் சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு 7 வரை காட்டும். ஒரு நாள் ஆறவிட்டு அளந்து பார்த்துப் போடுங்கள். செய்யக்கூடாத ஒன்று: கன்வர்ட்டர் தொல்லையே வேண்டாம் என்று லித்தியம் செல் இரண்டை நேராகத் தொடரில் மாட்டுவது. முழுச் சார்ஜில் அது 8.4 வோல்ட். மோட்டார் ஜோராக ஓடும். ஷட்டருக்குள் இருக்கும் ஐம்பது வருடப் பழைய மின்சுற்றுக்கு அதைக் கொடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இதையெல்லாம் விடச் சுலபமான வழியும் உண்டு. இந்த வகைக் கேமரா வைத்திருக்கும் யாரிடமாவது படம் எடுத்து முடித்த பேக் ஒன்று கேளுங்கள், புது போலராய்டு கேமராக்களுக்காக வரும் ஐ-டைப் பேக் தவிர்த்து. அதில் பேட்டரியே கிடையாது. பத்துப் படம் இருந்த பேக் இப்போது எட்டுப் படத்தோடு வருகிறது. எட்டும் முடிந்த பிறகும் பேட்டரியில் சோதனைக்குப் போதுமான உயிர் மிச்சம் இருக்கும், பேக் சமீபத்தில் தீர்ந்ததாக இருந்தால் போதும். அதைப் போட்டுக் கேமரா முழுச் சுழற்சி ஓடினால் விவகாரம் முடிந்தது, குற்றவாளி உங்கள் பேட்டரி. எந்தத் துளையில் பிளஸ், எந்தத் துளையில் மைனஸ் என்பதையும் அதே பேக்கில் மீட்டர் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். படம் பார்த்து ஊகிக்க வேண்டாம். துருவம் மாறினால் இழப்பு பேட்டரியோடு நிற்காது.

உங்கள் பேட்டரியையே சோதிக்க வேண்டும் என்றால் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். பேட்டரி முனையில் நேரடியாக வேண்டாம், காப்பர் டேப்பின் கடைசியில், கேமராவின் முள் தொடும் அதே இடத்தில் வையுங்கள். மீட்டரையும் அங்கேயே பிடித்து இரண்டு வினாடி பாருங்கள். 6 வோல்ட்டில் இது கிட்டத்தட்ட 1.3 ஆம்பியர் இழுக்கும், மோட்டாருக்கு நல்ல மாற்று. எண் 5க்கு மேலே நின்றால் நான் அந்தப் பேட்டரியைக் கேமராவுக்குள் விடுவேன். நாலரைக்குக் கீழே போனால் விட மாட்டேன். இவை எந்தக் கையேட்டிலும் இருக்கும் எல்லைகள் இல்லை, என் மேசையின் பழக்கம். கன்வர்ட்டர் முனையில் 5.8 காட்டி டேப் முனையில் 4.6 காட்டினால், செல்லைத் திட்ட வேண்டாம். நடுவில் எங்கோ 1.2 வோல்ட் கசிகிறது.

அது எங்கே என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. காப்பர் டேப் ஒட்டும்போது மூலையில் இன்னொரு துண்டை மேலே ஒட்டித் திருப்பியிருப்பீர்கள். டேப்பின் மேல்பக்கம் செம்பு, கீழ்ப்பக்கம் பசை. ஒரு துண்டின் பசை இன்னொன்றின் செம்பின் மேல் உட்கார்ந்திருக்கும். பசை கடத்தும் என்று உறையில் போட்டிருந்தாலும் அது மில்லி ஆம்பியர் கணக்குக்குத்தான் சரிப்படும். அரை ஓம் தடை இருந்தால் போதும், 2 ஆம்பியரில் ஒரு வோல்ட் போச்சு. சும்மா அளந்தால் இந்தத் தடை மீட்டரில் தெரியவே தெரியாது. துண்டுகள் சேரும் இடங்களில் சால்டர் வைத்துவிடுங்கள். முடிந்தால் வளையாமல் ஒரே துண்டாகப் போடுங்கள். பிரெட்போர்டு ஜம்பர் ஒயர் எங்காவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அதன் முனைகள் இந்தக் கரண்டுக்கு ஆனவை அல்ல.

கேமராவின் பக்கமும் பாருங்கள். பேக் போகும் அறையின் தரையில் இரண்டு உலோக முட்கள் நிமிர்ந்து நிற்கும், பேக்கின் அடியில் உள்ள துளைகள் வழியாக அவை பேட்டரியைத் தொடும். விரல் நுனியால் லேசாக அழுத்தினால் ஸ்பிரிங் போல அமுங்கி எழ வேண்டும். பல வருடம் கிடந்த கேமராவில் அவை மங்கிப்போயிருக்கும், பச்சையும் பிடித்திருக்கும். பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உங்கள் டேப் துளையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தால் முள் தொட்டும் தொடாமலும் நிற்கும். அதற்கும் அறிகுறி இதேதான்.

இனி வரப்போகும் ஒரு சிக்கலையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பேக்குக்குள் பேட்டரியின் மேலே ஒரு ஸ்பிரிங் தகடு இருந்து பிலிம்களை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பேட்டரியை எடுத்துவிட்டு மெல்லிய அட்டை வைத்தால் தகடு கீழே இறங்கும். தள்ளுவிசை குறையும், கொக்கி பிலிமின் விளிம்பைப் பிடிக்காமல் வழுக்கும். மோட்டார் அழகாக ஓடும், படம் வராது. தடிமனாக எதையாவது திணித்தாலோ பிலிம்கள் மேலே அழுந்தி, தள்ளுவதற்கே மோட்டார் திணறும். பழைய பேட்டரியின் தடிமனை அளந்து அதே தடிமன் வையுங்கள். ஒயர் வெளியே வரும் வழியையும் பாருங்கள். கதவு முழுக்க மூடினால்தான் அதன் சுவிட்ச் வேலை செய்யும். ஒயரின் மேல் கதவு உட்கார்ந்து அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றால் உயிரே இல்லாத மாதிரி கிடக்கும்.

இருட்டாக நிற்கும் கேமராவை என்ன செய்வது? அவசரப்பட்டு எதையும் நெம்ப வேண்டாம், அந்த நிலையில் கேமராவை மடிக்கவும் வேண்டாம். நல்ல பேட்டரியைப் போட்டுக் கதவை மூடுங்கள். நின்ற இடத்திலிருந்து மோட்டார் ஓடி சுழற்சியை முடித்து மூடியைப் பூட்டினால் வெளிச்சம் திரும்ப வந்துவிடும். நிறைய நேரம் இதுவே போதும்.

நல்ல பேட்டரியிலும் இழுத்து இழுத்துத்தான் ஓடுகிறது என்றால், அப்போது கேமராவைச் சந்தேகப்படலாம். முதலில் ரோலர்கள். காய்ந்துபோன ரசாயனம் பொருக்காக ஒட்டியிருக்கும். ஈரத் துணியால் பல் சக்கரத்தைத் திருப்பித் திருப்பித் துடையுங்கள். அடுத்தது கியர்களில் இறுகிப்போன கிரீஸ். அப்புறம் மோட்டார். இந்த இரண்டுக்கும் பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும், திறந்து மூடிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மோட்டார் நல்ல வேகத்தில் ஓடியும் சுழற்சி நடுவில் நிற்கிறது, அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், சுழற்சியை எண்ணிக்கொடுக்கும் சுவிட்சுகளோ ஷட்டர் போர்டோ காரணமாக இருக்கலாம். அதில் எது என்பதை மேசையில் வைத்து அளந்தால்தான் தெரியும். எழுத்தில் படித்துத் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள், நான் உட்பட.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாடல் எஸ்எக்ஸ்-70இன் பளபளப்பு உடம்பு உலோகம் மாதிரித் தெரியும், ஆனால் உள்ளே பிளாஸ்டிக். மேலே செம்பு, நிக்கல், குரோமியம் முலாம். பிளாஸ்டிக்தானே என்று திறந்த ஒயரை அதன் மேல் உரசவிட்டால் முலாம் கடத்தும். லித்தியம் செல்லோடு விளையாடும்போது இது சின்ன விஷயம் இல்லை. ஒயர் முனைகளை மூடுங்கள், பாசிட்டிவ் ஒயரில் ஒரு 3 ஆம்பியர் பியூஸ் போடுங்கள், சோதனை முடிந்ததும் செல்லைக் கேமராவிலேயே விட்டுவைக்காதீர்கள்.

எல்லாம் ஓடி, பேட்டரி இல்லாத ஐ-டைப் பிலிமை இருட்டில் பழைய பேக்குக்கு மாற்றிப் போடுவது உங்கள் திட்டம் என்றால், அதன் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், ஐஎஸ்ஓ 640, இந்தக் கேமரா எதிர்பார்ப்பது 160 பக்கம். வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறைக்கும் என்டி பில்டர் (சாம்பல் நிற வடிகட்டி) போடாவிட்டால் படங்கள் வெளுத்துத்தான் வரும், அதற்குப் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போதைக்கு நான்கு ஏஏ செல்லோடு ஒரு ஓட்டம், 4.7 ஓம் சுமையில் கன்வர்ட்டர் முனையில் ஓர் அளவு, டேப் முனையில் ஓர் அளவு. இந்த மூன்றையும் எழுதுங்கள், கூடவே உங்கள் செல்லில் அச்சிட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி எண்ணையும். கேமராவைத் திறக்கலாமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.